நன்றி சொல்லக் கூடாத பூட்ஸ்

"கண்ணாடிப் பெட்டியெல்லாம் தயாராயிடுச்சும்மா, உள்ள லைட்டு கூட—"

"கால்ல போடறதுக்கு வாங்கினது மேடம், வேடிக்கை பாக்கறதுக்கு—"

"—பட்டனைத் தட்டினா தானா சுத்தும், வெளிநாட்டுல இருந்து வரவழைச்சது—"

"—சுத்தறதுக்கு அது என்ன பொம்மையா? பூட்ஸு!"

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினார்கள். அடுப்பில் கோதுமை கொதித்துக்கொண்டிருந்தது. வெர்ஜினா எழுந்து போய் மரக்கரண்டியால் ஒரு கிளறு கிளறிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். ரொட்டிக் கடையில் காலமெல்லாம் நின்றே தேய்ந்த கால்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒக்டாவியா மேடம், நகராட்சியின் நன்றிக் குழுச் செயலாளர். அந்த நகராட்சியில் குப்பைக்கு ஒரு குழு, தெருநாய்க்கு ஒரு குழு, நாட்டுக்காக உயிர்விட்ட வீரர்களுக்கு நன்றி செலுத்த ஒரு குழு என்று மூன்று குழுக்கள் இருந்தன. முதல் இரண்டும் கூடியதாக யாருக்கும் நினைவில்லை. மூன்றாவது குழு மட்டும் வாரம் தவறாமல் கூடியது, அங்கே காப்பியும் கேக்கும் உண்டு.

இருவருக்கும் நடுவில் இன்னொரு நாற்காலியில், மூன்றாவது விருந்தாளி மாதிரி, ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் உட்கார்ந்திருந்தது.

"இது ஒங்க மகன் திபேரியு போட்ட பூட்ஸ்தானே?"

"இல்ல மேடம். போன சனிக்கிழமை சந்தையில வாங்கினேன். திருப்பிப் பாருங்க, விலைச்சீட்டு கூட ஒட்டியிருக்கு."

ஒக்டாவியா மேடம் திருப்பிப் பார்த்தார். நகத்தால் அந்தச் சீட்டைப் பதமாக உரித்தெடுத்து, உருட்டி, சாம்பல் கிண்ணத்தில் போட்டார்.

"இப்ப இல்ல பாருங்க."

நகராட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் எப்போதும் இப்படித்தான், இருந்தது இல்லாமல் போகும்.

மகன் போய் ஏழு வருடம் நாளையோடு முடிகிறது. ஏழாம் வருடம் என்றால் அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். செத்தவர்களுக்கு ஏழு வருடம் வரைதான் வீட்டிலிருந்து போகும். கம்பளி, சட்டை, தட்டு, கரண்டி, சோறு எல்லாம் உயிரோடிருக்கிற ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதை உடுத்த வேண்டும், தின்ன வேண்டும். வாங்கும்போது 'கடவுள் அவனை மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். அப்போது அங்கே அவனுக்குப் போய்ச் சேரும். 'நன்றி' என்று மட்டும் சொல்லக் கூடாது. நன்றி சொன்னால் அது இரண்டு உயிருள்ளவர்களுக்குள் முடிந்துபோன கொடுக்கல் வாங்கல். செத்தவன் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கைமாறிய பொருளைத் திரும்ப வாங்கவும் கூடாது. அது அங்கே அவன் உடம்பிலிருந்து உருவுகிற மாதிரி. ஏழாம் வருடத்துக்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் போகாது, வாசல் சாத்திவிடும்.

வெர்ஜினா எல்லாம் கொடுத்து முடித்திருந்தாள். பூட்ஸ் மட்டும் பாக்கி.

வேண்டுமென்றே தள்ளிப்போட்டாள். அவன் சவப்பெட்டி மூடி முத்திரை வைத்துத்தான் வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். கண்ணிவெடி என்றார்கள். கொண்டுவந்த கேப்டனிடம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "கால்ல பூட்ஸ் இருந்துச்சா சார்?" கேப்டன் கையிலிருந்த காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டினார். "அந்த விவரம் எங்ககிட்ட இல்லம்மா" என்றார். அன்றிலிருந்து, பூட்ஸ் கொடுத்தால் அவன் வெறுங்காலோடுதான் போனான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒவ்வொரு வருடமும் வேறு எதையாவது கொடுத்தாள். இனிமேல் தள்ளிப்போட வருடம் இல்லை.

"சரி, யாருக்குத்தான் குடுக்கப் போறீங்க?"

"பான்டெலேக்கு."

"எந்த பான்டெலே? கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டறானே..."

"அவனேதான். எம்மவனோட ஒண்ணாப் படிச்சவன். ரெண்டு பேருக்கும் ஒரே சைஸு, நாப்பத்து மூணு. ஒருத்தன் ஷூவ இன்னொருத்தன் மாட்டிக்கிட்டுப் போயிடுவானுங்க, அப்புறம் தெருவுல நின்னு சண்ட."

ஒக்டாவியா மேடம் பல்வலிக்காரர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். "அம்மா, டிவியில வருது."

"வரட்டும். குளிச்சிட்டு வரச் சொல்றேன்."

பேரம் அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் ஒக்டாவியா மேடம் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "சரிம்மா, ஒங்க இஷ்டப்படியே. கல்லறையில வேணாம். சதுக்கத்துல, புது நினைவுச்சின்னத்துக்கு முன்னால, மேடையில வெச்சு ஒங்க கையாலயே பான்டெலேக்குக் குடுங்க. அவன் அங்கயே போட்டுக்கட்டும். ஊரே பாக்கட்டும். ஒங்க மகனுக்கும் பெருமை. சத்தியமாச் சொல்றேன்."

"பெட்டிக்குள்ள வெக்க மாட்டீங்களே?"

"பெட்டியில வேற ஏதாவது வெச்சுக்கறோம். இந்த ஊர்ல பொருளுக்கா பஞ்சம்?"

---

மாலை ஒத்திகை.

நினைவுச்சின்னத்துக்குத் துணி சுற்றியிருந்தார்கள். துணியில், இதை வழங்கிய டைல்ஸ் கடையின் பெயர் இருந்தது. அதைவிடச் சின்ன எழுத்தில் வீரர்களுக்கு நன்றி இருந்தது. இன்னும் சின்ன எழுத்தில், குளியலறை டைல்ஸுக்குத் தள்ளுபடி என்றும் இருந்தது.

"அம்மா, நீங்க இங்கருந்து நடந்து வரீங்க," ஒக்டாவியா மேடம் கையில் ஒலிபெருக்கியோடு நின்றார். "மெதுவா. இன்னும் மெதுவா. நின்னு சின்னத்தைப் பாக்கறீங்க. அழறீங்க."

வெர்ஜினா நடந்து வந்தாள். நின்றாள். பார்த்தாள்.

"அழுங்கம்மா."

"வரல மேடம்."

"வரலன்னா?"

"மொத ரெண்டு வருஷம் வந்துச்சு. அப்புறம் நின்னுபோச்சு. தண்ணி வராத குழாய் மாதிரி ஒரு சத்தம் மட்டும்தான் வருது. அத வேணா போடவா?"

ஒக்டாவியா மேடம் கையைத் தட்டினார். "ஔரிக்கா! நீ வாம்மா."

கலாசார மன்றத்து நாடகக் குழுவிலிருந்து ஔரிக்கா வந்தாள். கறுப்புத் துணி, தலையில் கறுப்பு முக்காடு, கையில் வெர்ஜினாவுடையதைவிட நல்ல கைக்குட்டை. அவள் நடந்து வந்தாள், நின்றாள், துணி மூடிய சின்னத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. தீயணைப்பு வண்டி டிரைவர் தொப்பியைக் கழற்றினான்.

"பாத்தீங்களாம்மா? இப்படித்தான். தூரத்துல இருந்து எடுக்கற காட்சிக்கெல்லாம் ஔரிக்கா நிப்பா. கிட்ட எடுக்கறப்ப மட்டும் நீங்க."

"நானே இருக்கேனே மேடம், எதுக்கு இன்னொருத்தி?"

"நீங்க இருக்கீங்க, சரி. ஆனா தாய் மாதிரி தெரியணுமில்ல?"

ஔரிக்கா முக்காட்டை அவிழ்த்துக்கொண்டே வெர்ஜினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து, திருநாளுக்காகச் சாயம் தோய்த்த ஒரு சிவப்பு முட்டையை எடுத்து உரித்துப் பாதியை நீட்டினாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா. எனக்குப் புள்ளையே கெடையாது."

"அப்புறம் எப்படி இப்படி அழற?"

"அதத்தான்க்கா நெனச்சுக்குவேன்."

வெர்ஜினா பாதி முட்டையை வாங்கித் தின்றாள். அந்த நாள் முழுவதும் அவள் காதில் விழுந்ததில் அது ஒன்றுதான் புரிந்தது.

அதற்குள் மாவட்டத் தலைமையகத்திலிருந்து கர்னல் வந்துவிட்டார். ஏழு வருடம் முன்பு பெட்டியோடு வந்த அதே கேப்டன்தான். நடுவில் அவர் மேலே மேலே போயிருந்தார். வெர்ஜினாவுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. அவருக்கு அவளைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. அவர் ஔரிக்காவுக்குத்தான் சல்யூட் அடித்தார்.

"இவரு யாரு?" கர்னல் பான்டெலேயைக் காட்டிக் கேட்டார். பான்டெலே சவரம் செய்து, முகத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு, மேடை ஓரம் நின்றிருந்தான். அவன் போட்டிருந்த செருப்பில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"பூட்ஸ் வாங்கிக்கறவரு சார்," என்றார் ஒக்டாவியா மேடம் தயக்கமாக.

"ராணுவத்துல இருந்தவரா?"

"போனேன் சார்," பான்டெலே உற்சாகமாகச் சொன்னான். "திபியும் நானும் ஒரே நாள்ல வரிசையில நின்னோம். அவன எடுத்துக்கிட்டாங்க. எனக்குத் தட்டப் பாதம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சிரிச்சான் பாருங்க அன்னிக்கு அவன், இன்னமும் காதுல—"

"தட்டைப் பாதம்?" கர்னல் ஒரு அடி பின்வாங்கினார். "செயலாளர் மேடம், கொஞ்சம் யோசிங்க. ராணுவம் தகுதியில்லைன்னு எழுதிக் குடுத்த கால். அந்தக் கால்ல தியாகியோட பூட்ஸா? இதை நான் மேலே எப்படி விளக்குவேன்?"

"சார், அது சந்தையில வாங்கின—" என்று ஆரம்பித்தாள் வெர்ஜினா.

"அம்மா, ராணுவ விஷயம் நீங்க பேசாதீங்க."

அடுத்து வார்த்தைப் பிரச்சினை வந்தது. வாங்குகிறவர் மைக்கில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒக்டாவியா மேடம் கேட்டார்.

"'கடவுள் அவனை மன்னிக்கட்டும்', வேறென்ன?" என்றாள் வெர்ஜினா.

"மன்னிக்கறதா?" கர்னல் முகம் சிவந்தது. "எதுக்கு மன்னிக்கணும்? தியாகி என்ன தப்பு பண்ணாரு? இதை எதிரி நாட்டுக்காரன் கேட்டா என்ன நெனைப்பான்?"

"வழக்கமாச் சொல்றது சார் அது. ஒங்க அம்மா செத்தப்ப நீங்க கூட—"

"என் அம்மா ராணுவத்துல இல்ல."

ஒக்டாவியா மேடம் நிகழ்ச்சி நிரலில் அடித்துவிட்டு எழுதினார். "'நன்றி'ன்னு சொல்லட்டும். எங்க குழு பேரே நன்றிக் குழு."

"நன்றி சொன்னா போகாது மேடம்!"

"எங்கம்மா போகாது?"

வெர்ஜினா வாயைத் திறந்தாள். எங்கே என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது? பரிசுத்த நீர்க் கிண்ணத்தோடு நின்றிருந்த இலாரியோன் ஃபாதரைப் பார்த்தாள். ஃபாதர் சின்னத்தைப் பார்த்தார். தேவாலயக் கூரைக்கு நகராட்சிதான் தகடு போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தது.

"நாளைக்குள்ள சரி பண்ணிடலாம்மா," என்றார் ஒக்டாவியா மேடம். "நீங்க போய்த் தூங்குங்க. முகம் ரொம்பக் களைச்சிருக்கு, கேமராவுல நல்லா இருக்காது."

திரும்பி நடக்கும்போது பான்டெலே கூடவே வந்தான்.

"பெரியம்மா, நான் நாளைக்கு எங்க நிக்கணும்?"

"என்னடா சொன்னாங்க?"

"தீயணைப்பு வண்டிக்குப் பின்னாடின்னாங்க."

"அங்கயே நில்லு. நான் கூப்பிடறேன்."

---

விண்ணேற்றத் திருநாள் வியாழக்கிழமை வந்தது. அதே நாள்தான் வீரர் நாளும். கடவுள் மேலே போன நாளில் பையன்களையும் நினைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான் என்று வெர்ஜினா முன்பெல்லாம் நினைத்ததுண்டு. இப்போது அவள் ஒரு கையில் பூட்ஸ் பெட்டியும் இன்னொரு கையில் கோதுமைத் தாம்பாளமுமாகப் படியேறினாள். செத்தவர்களுக்குப் படைக்கிற வழக்கப்படி, வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் கலந்து, மேலே மாவுச்சர்க்கரை தூவி, மிட்டாயால் சிலுவை வைத்திருந்தாள்.

"இது வேணாம்மா, சுகாதாரத் துறை அனுமதி இல்ல," என்று ஒரு பெண் தாம்பாளத்தை வாங்கி மேஜைக்கு அடியில் தள்ளினாள். மேஜைக்கு மேலே நகராட்சி செய்வித்த கோதுமை இருந்தது, கட்டில் அளவுக்கு. அதில் மூவர்ணக் கொடி, கொடிக்கு நடுவில் கோக்கோ பொடியால் டைல்ஸ் கடையின் முத்திரை. வந்தவர்கள் பிளாஸ்டிக் குவளையில் வாங்கித் தின்று, "நன்றி, நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் அட்டை மாட்டியிருந்தது.

கர்னல் பேசினார். "திபேரியு ஒழுக்கமான வீரர். உயிரோடு இருந்தவரை அவர் மீது ஒரு புகாரும் வந்ததில்லை. இறந்த பிறகும் அவரிடமிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை. இப்படிப்பட்ட வீரர்கள்தான் எங்களுக்கு இன்னும் வேண்டும்."

கைதட்டல்.

மேயர் வலேரியு பேசினார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். "பெருமக்களே! இந்தச் சதுக்கம் எப்படி இருந்தது? சேறு! ஏழு வருடமாக நான் தலைநகரத்துக்கு நடையாய் நடந்தேன். நிதி இல்லை என்றார்கள். ஒரு வீரத் தியாகி இருந்தால் ஐரோப்பிய நிதியில் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பெருமையோடு சொல்கிறேன், எங்களிடம் இருந்தார்! பக்கத்து ஊரில் இல்லை. அந்த ஊர்ச் சதுக்கத்தைப் போய்ப் பாருங்கள், இன்னும் சேறுதான். திபேரியு நமக்கு உயிரைக் கொடுத்தார். நாம் அவருக்குப் பளிங்கு கொடுத்திருக்கிறோம். யார் கொடுத்தது அதிகம் என்பதை வரலாறு முடிவு செய்யட்டும்! அந்தத் தாய்க்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்கிறார்கள். ஒன்றும் வேண்டாம்! ஒரு தாய் எதையும் கேட்கமாட்டாள். அதனால்தான் அவள் தாய்!"

கைதட்டல். தூரத்துக் காட்சிக்காக ஔரிக்கா அழுதாள்.

"இப்ப நீங்கம்மா," ஒக்டாவியா மேடம் முதுகில் தள்ளினார்.

வெர்ஜினா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே வந்தாள். தீயணைப்பு வண்டிப் பக்கம் பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் பான்டெலேயின் தலை மட்டும் தெரிந்தது, எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பான்டெலே! வாடா!"

அவன் அடியெடுத்து வைத்தான். ஒரு போலீஸ்காரர் அவன் தோளில் கை வைத்தார், அன்பாகத்தான். மைக்கில் ஒக்டாவியா மேடத்தின் குரல் வந்தது: "வீரத்தாயின் காணிக்கையை, ஊர் மக்கள் அனைவரின் சார்பாக, மாண்புமிகு மேயர் அவர்கள் பெற்றுக்கொள்கிறார்!"

வெர்ஜினா திரும்புவதற்குள் இரண்டு பெரிய கைகள் பெட்டியைப் பிடித்துவிட்டன. அவள் விடவில்லை. மேயர் இழுத்தார். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இழுத்தார். ரொட்டிக் கடையில் தட்டு தூக்கின கைகள்தான் அவளுடையவை, ஆனால் இப்போது வயதாகிவிட்டது. விரல் நழுவியது.

கைமாறிவிட்டது.

"நன்றி!" என்றார் மேயர் மைக்கில். தேவாலயச் சுவரில் பட்டு அது திரும்பி வந்தது. நன்றி... நன்றி... சரியாக அப்போது மணியும் அடித்தது. வீரர்களுக்காக நாட்டிலுள்ள எல்லா மணிகளும் அந்த நேரத்தில் அடிக்கும். கண்ணாடிப் பெட்டியின் மூடியை இருவர் திறந்து பிடித்தார்கள். யாரோ பட்டனைத் தட்டிவிட்டதில், உள்ளே வெறும் தட்டு விளக்கு வெளிச்சத்தில் சுற்றத் தொடங்கியது.

வெர்ஜினா அந்தத் தட்டைப் பார்த்தாள். இருபத்து மூன்று வயதுப் பையன் வெறுங்காலோடு கை நீட்டிக்கொண்டு நிற்கிறான், இங்கே பூட்ஸ் சுற்றப் போகிறது. மணி ஓயும்வரை அவள் நின்றாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக மடக்கி, மேயரின் முன்னால் பளிங்குத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆகா," என்று ஒக்டாவியா மேடம் கேமராக்காரனிடம் கிசுகிசுத்தார். "இது ஒத்திகையில இல்ல. விடாதே, எடு எடு."

வெர்ஜினா மேயரின் ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"அம்மா... அம்மா, என்ன பண்றீங்க?"

"போட்டுக்கங்க ஐயா."

"எதை?"

"கையில வெச்சிருக்கீங்களே, அதை. வாங்கிட்டீங்கள்ல? வாங்கினவங்கதான் போட்டுக்கணும்."

மைக் இன்னும் திறந்தே இருந்தது. சதுக்கம் முழுக்கக் கேட்டது. பிளாஸ்டிக் குவளைகளில் ஸ்பூன் சத்தம் நின்றது.

"பெரியம்மா!" வண்டிப் பக்கத்திலிருந்து பான்டெலே கத்தினான். "விடுங்க பெரியம்மா! நான் அப்புறமா அவருகிட்ட இருந்து வாங்கிக்கறேன்!"

"வாங்கப்படாதுடா. கைமாறிடுச்சு. இனி அவரு கால்தான்."

"அம்மா, எனக்கு நாப்பத்தாறு சைஸு," மேயர் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து கிசுகிசுத்தார். சட்டையில் குத்தியிருந்த மைக்கும் அவரோடு குனிந்தது. "அதுவும் சாயங்காலமானா வீங்கிடும்."

"நெருக்கத்தான் செய்யும். கல்லறை வரைக்கும் நடந்தா போதும். தோ, கிட்டத்தான்."

"கர்னல், கொஞ்சம் சொல்லுங்க இவங்ககிட்ட!"

கர்னல் ஒரு அடி முன்னே வந்தார். வெர்ஜினா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அதே கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. கர்னலின் பார்வை தன் பளபளக்கும் பூட்ஸுக்கு இறங்கியது, அங்கேயே நின்றது.

இலாரியோன் ஃபாதர், கூரையை மறந்தாரோ என்னவோ, பரிசுத்த நீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மெல்ல இருமினார். "மேயர் சார்... வழக்கம் அப்படித்தான். சொல்லவும் வேணும். 'கடவுள் அவனை மன்னிக்கட்டும்'னு."

"நான் ஏற்கெனவே நன்றி சொல்லிட்டேனே!"

"அதை யாரும் கணக்குல வெச்சுக்க மாட்டாங்க ஐயா," என்றாள் வெர்ஜினா. அவள் குரலில் கோபம் இல்லை. கடை சாத்துகிற நேரத்தில் வந்த வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல்தான். பூட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து, நாடாவைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளைக்குப் பிடிப்பது போல இரண்டு கையாலும் தரையோடு பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு ரெண்டு காலும் இருக்கு. எதை மொதல்ல நீட்டறீங்க?"